பல்வலி மாத்திரை ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

பல் வலிக்கும் முக வலிக்கும் எந்த மாத்திரை நன்றாகக் கேட்கும் என்று தேடினால் ஆய்வுக் கட்டுரைகள் வந்து கொட்டும். பல் மருத்துவ மாணவர், உடல்நலம் பற்றி எழுதுபவர், நெடுநாள் தாடை வலியோடு அவதிப்படுபவர் என யார் வேண்டுமானாலும் இன்று அவற்றைத் திறந்து படிக்கலாம். முதல் முறை படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 'இந்த மருந்து வலியைக் கணிசமாகக் குறைத்தது' என்ற சுருக்கவரியைப் பார்த்ததும் அதை எல்லா வலிக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

பல்வலி மருந்து ஆய்வுகளில் பெரும்பகுதி, நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு ஞானப்பல் எடுத்த அன்றைக்குப் போட்ட கணக்கு. வலியை அளக்கும் கலையில் இதைவிடச் சுத்தமான கணக்கு கிடைப்பது அரிது. ஆனால் அது அந்த ஒரு வலிக்கும் அந்த ஒரு நாளுக்கும் உரியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஆய்வுகளைத் தவறாகப் படிக்காமல் தப்பிக்கலாம். மீதிப் பாதிக்குக் கீழே உள்ள படிகள்.

1. எந்த வலி என்று முதலில் பாருங்கள்

தலைப்பில் 'முகம், வாய்ப்பகுதி வலி' என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பாமல் நேரே பங்கேற்பாளர்களைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். குறைந்தது நான்கு வெவ்வேறு வலிகள் இந்த ஒரே பெயரில் உலவுகின்றன.

பல் எடுத்த பிறகோ வாய் அறுவைக்குப் பிறகோ வருவது ஒன்று. திசு வெட்டுப்பட்டிருக்கிறது, அழற்சி கிளம்புகிறது, வலி சில மணி நேரத்தில் ஏறிச் சில நாட்களில் வடிகிறது. அழற்சி எதிர்ப்பு மருந்துக்கு இதைவிடத் தோதான களம் கிடையாது.

அடுத்தது, சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்ளிருக்கும் கூழ் அழற்சி அடைவதால் வரும் வலி. கெட்டியான சுவருக்குள் அடைபட்ட அழற்சி இது; இரவில் தூங்க விடாது. மாத்திரை சில மணி நேரம் தணிக்கும். காரணம் பல்லுக்குள்ளேயே இருப்பதால் வேர்சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் தீர்வு. இந்த வலிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு. 2000-ல் 40 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், பெனிசிலின் எடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலியில் வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்தக் கேள்வியை யார் பேசினாலும் அதை எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை.

மூன்றாவது, தாடை மூட்டும் மெல்லும் தசைகளும் சார்ந்த வலி. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். வந்து வந்து போகும். நான்காவது, நரம்பிலிருந்தே கிளம்பும் வலி. முகத்தின் ஒரு பக்கம் சில நொடிகள் வெட்டி இழுக்கும் முக்கிளை நரம்பு வலி இதில் பெயர் பெற்றது. அதற்கு 1960-கள் முதலே கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்துதான் முதல் தேர்வு. ஐபுப்ரோஃபென் வகையறா அங்கே எடுபடாது. பல் வலி என்று நினைத்து நல்ல பற்களை எடுத்துக்கொண்ட பிறகே நரம்பு வலி என்று தெரிய வந்தவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு.

ஆய்வாளர்கள் இந்த வலிகளை எப்படிப் பிரித்தார்கள் என்று கட்டுரை சொல்ல வேண்டும். தாடை மூட்டுக் கோளாறுகளுக்கு 2014-ல் வெளியான நோயறி அளவுகோல்கள் இருக்கின்றன. முகம், வாய்ப்பகுதி வலிகள் அனைத்துக்கும் 2020-ல் ஒரு பன்னாட்டு வகைப்பாடு வந்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுரையில் 'தாடை வலி உள்ள நோயாளிகள்' என்று மட்டும் போட்டிருந்தால், அந்தக் கட்டுரையைச் சற்றுத் தள்ளி வைத்தே படியுங்கள்.

2. மருந்துக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு மருந்தியல் பட்டம் தேவையில்லை. 1971-ல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஆஸ்பிரின் உடலில் புரோஸ்டாகிளான்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். அதற்காக 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காயம்பட்ட இடத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளான்டின், வலி நரம்புகளை எளிதில் சீண்டப்படும் நிலைக்குக் கொண்டுபோகிறது. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் எல்லாம் அதை உருவாக்கும் காக்ஸ் என்ற நொதியை முடக்குகின்றன. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் எல்லாம் இந்தக் குடும்பம்.

1990-களின் தொடக்கத்தில் அந்த நொதி இரண்டு வகை என்று தெரிந்தது. காக்ஸ்-1 இரைப்பையின் உட்சுவரைக் காப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பார்க்கிறது. அழற்சி வந்தால் பெருகுவது காக்ஸ்-2. அப்படியானால் இரண்டாவதை மட்டும் பிடித்தால் வயிறு தப்பிக்குமே என்ற எண்ணத்தில் வந்தவைதான் செலிகாக்சிப், ரோஃபிகாக்சிப் போன்றவை. ரோஃபிகாக்சிப்பை ஞாபகம் வையுங்கள், பின்னால் வரும்.

பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. வலியைக் குறைக்கும், காய்ச்சலைக் குறைக்கும், அழற்சியைப் பெரிதாகத் தொடாது. ஆய்வுகளில் அது பெரும்பாலும் ஒப்பீட்டு மருந்தாகவோ கூட்டாளியாகவோ வரும். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் வேறு கதை. ஞானப்பல் அறுவைக்குப் பிறகு கன்னம் வீங்குவதையும் வாய் திறக்க முடியாமல் போவதையும் குறைக்கவே அவற்றைச் சோதிக்கிறார்கள். வலி, வீக்கம், வாய் திறப்பு மூன்றையும் ஒரே கட்டுரையில் அளந்திருந்தால் ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியே பாருங்கள். வீக்கம் குறைந்தது என்பதற்காக வலியும் அதே அளவு குறைந்திருக்க வேண்டியதில்லை.

3. ஞானப்பல் ஆய்வு நடக்கும் விதம்

இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

1976-ல் ஸ்டீபன் கூப்பர், வில்லியம் பீவர் இருவரும் வாய் அறுவைக்கு வந்து அன்றே வீடு திரும்பும் நோயாளிகளை வைத்து வலி மருந்துகளைச் சோதிக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். எலும்பில் புதைந்த ஞானப்பல்லை எடுப்பது உலகெங்கும் ஏறத்தாழ ஒரே விதமாக நடக்கும் அறுவை. அதற்கு வருபவர்கள் பெரும்பாலும் பதின்ம வயது தாண்டிய இளைஞர்கள்; வேறு நோய் இல்லை, வேறு மருந்து இல்லை. மரப்பு ஊசியின் வேகம் இறங்கியதும் பெரும்பாலானவர்களுக்கு நடுத்தர வலியோ கடும் வலியோ நிச்சயம் வரும். மருந்து நிறுவனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? புதிய வலி மாத்திரை எது வந்தாலும் அது முதலில் ஏறும் மேடைகளில் ஒன்றாக ஞானப்பல் ஆகிவிட்டது.

அன்றைய நாள் இப்படி நகரும். பல்லை எடுத்த பிறகு ஆளை அங்கேயே உட்கார வைக்கிறார்கள். வலி ஏறக் காத்திருக்கிறார்கள். 100 மில்லிமீட்டர் கோட்டில் வலியைக் குறிக்கச் சொல்லி, பெரும்பாலும் 50-ஐத் தாண்டினால்தான் ஆய்வில் சேர்க்கிறார்கள். வலியே இல்லாதவருக்கு மருந்து கொடுத்தால் எந்த மருந்தும் நன்றாகத்தானே தெரியும்? அதற்குத்தான் இந்த வாசல். பிறகு குலுக்கல் முறையில் ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குப் போலி மாத்திரை. அதன் பின் குறித்த இடைவெளிகளில் இரண்டு கேள்விகள்: இப்போது வலி எவ்வளவு? தொடக்கத்திலிருந்து எவ்வளவு நிவாரணம்?

வலிக்கு 'இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை' என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். நிவாரணத்துக்கு 0 முதல் 4 வரை. நிவாரண மதிப்பெண்களை நேரத்தோடு பெருக்கிக் கூட்டினால் மொத்த நிவாரணம் கிடைக்கும். ஆறு மணி நேரமும் முழு நிவாரணம் என்றால் 24. இதில் பாதியையாவது, அதாவது 12-ஐ, எட்டினவர்களை 'மருந்து கேட்டவர்கள்' என்று எண்ணுவது வழக்கம். கட்டுரைகளில் அடிக்கடி வரும் 'குறைந்தது 50 சதவீத நிவாரணம்' என்பது இதுதான். வலி பாதியாகக் குறைந்தது என்று அதைப் படிக்காதீர்கள்.

இன்னொரு அழகான ஏற்பாடு, இரண்டு நிறுத்துகடிகாரங்கள். மாத்திரை விழுங்கியதும் இரண்டையும் ஓட விடுவார்கள். ஏதோ லேசாகத் தணிகிறது என்று தோன்றியதும் நோயாளி ஒன்றை நிறுத்துவார். அப்பாடா, இது நிஜமான நிவாரணம் என்று தோன்றும்போது மற்றொன்றை. 'வேகமாக வேலை செய்யும்' என்று விளம்பரம் சொன்னால், இந்த இரண்டில் எந்தக் கடிகாரத்தைச் சொல்கிறார்கள் என்று கட்டுரையில் தேடுங்கள். முதல் கடிகாரம் நிற்பதற்கும் இரண்டாவது நிற்பதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கலாம்.

வலி தாங்காதவர்களுக்கு மாற்று மாத்திரை உண்டு. அதைக் கேட்டு வாங்கியவுடன் அவர் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடும். எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் மாற்று மாத்திரை கேட்டார்கள் என்பதுதான் என் பார்வையில் இந்தக் கட்டுரைகளிலேயே நேர்மையான எண். கோட்டில் போடும் குறி ஆளுக்கு ஆள் மாறும். 'போதும், வேற மாத்திரை குடுங்க' என்பதில் ஏமாற்று கிடையாது.

இடப்பக்கப் பல்லை ஒரு நாளும் வலப்பக்கப் பல்லை வேறொரு நாளும் எடுத்து, ஒரே ஆளிடம் இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுகளும் உண்டு. ஆளுக்கு ஆள் வேறுபாடு போய்விடுவதால் குறைந்த ஆட்களே போதும். ஆனால் முதல் அறுவையின் அனுபவம் இரண்டாவதில் எட்டிப் பார்க்கும். இரண்டு பல்லும் ஒரே மாதிரிப் புதைந்திருந்தனவா, எலும்பைச் செதுக்க வேண்டி வந்ததா, மரப்பு ஊசி எது என்று பாருங்கள். வெகுநேரம் நிற்கும் மரப்பு மருந்து போட்டிருந்தால், மாத்திரை செய்ததாகத் தெரியும் வேலையில் ஒரு பங்கு ஊசியுடையதாக இருக்கலாம்.

4. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலான ஞானப்பல் ஆய்வுகளில் போலி மாத்திரையால் அந்தப் பாதி நிவாரண அளவை எட்டுபவர்கள் குறைவு. ஐபுப்ரோஃபென் 400 மி.கி. பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2009-ல் வெளியிட்ட தொகுப்பில், மருந்து எடுத்தவர்களில் சுமார் 54 சதவீதம் எட்டினார்கள். போலி மாத்திரையில் சுமார் 14 சதவீதம். வித்தியாசம் 40. நூறை நாற்பதால் வகுத்தால் 2.5. அதாவது, போலி மாத்திரையால் கிடைத்திருக்காத நல்ல நிவாரணம் ஒருவருக்குக் கிடைக்க, சராசரியாக இரண்டரை பேருக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும். எண் சிறியதாக இருந்தால் மருந்து நல்லது என்று பொருள்.

இந்தக் கணக்கு பழகிவிட்டால் பட்டியல்கள் பேச ஆரம்பிக்கும். அறுவைக்குப் பிந்தைய வலிக்கான தொகுப்புகளில் பாராசிட்டமால் 1,000 மி.கி. சுமார் 3.6. கோடீன் 60 மி.கி. தனியாக என்றால் சுமார் 12. ஐபுப்ரோஃபென் 200 மி.கி.யுடன் பாராசிட்டமால் 500 மி.கி. சேர்ந்தால் சுமார் 1.6. சாதாரண மாத்திரைகள் இரண்டின் கூட்டு, ஓபியாய்டு எனும் அபின் வகை வலி நிவாரணியான கோடீனை எங்கேயோ பின்னுக்குத் தள்ளுவதைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வழிகளில் வேலை செய்வதால் ஒன்றன் மேல் ஒன்று கூடுகிறது.

ஆனால் இந்தப் பட்டியல் பெரும்பாலும் போலி மாத்திரையோடு தனித்தனியே ஒப்பிட்டவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது. இரண்டு மருந்துகளை ஒரே அறையில் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு கிடைத்தால் அதற்கே எடை அதிகம். ஞானப்பல்லுக்கு அப்படி ஒன்று உண்டு: ஐபுப்ரோஃபெனையும் பாராசிட்டமாலையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்த 2013 காக்ரேன் தொகுப்பு. அதிலும் ஐபுப்ரோஃபெனே முந்தியது.

சராசரி மதிப்பெண்ணை மட்டும் கொடுத்திருக்கும் கட்டுரையைப் படிக்கும்போது கவனம். வலி மருந்து எல்லோருக்கும் சமமாகப் பாதி வேலை செய்வதில்லை. சிலருக்குப் பிரமாதமாகக் கேட்கும், சிலருக்கு ஒன்றும் நடக்காது. வகுப்பில் பாதிப் பேர் சதம் அடித்து மீதிப் பேர் முட்டை வாங்கினால் சராசரி ஐம்பது வரும், ஐம்பது வாங்கிய பையன் ஒருவன்கூட இருக்க மாட்டான். 'எத்தனை பேர் நல்ல நிவாரணம் பெற்றார்கள்' என்று கேட்கும் பழக்கம் வலி ஆய்வுகளில் வேரூன்றியது இதனால்தான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபுப்ரோஃபெனை ஒரு வேளைக்கு 400 மி.கி.க்கு மேல் ஏற்றினால் வலி நிவாரணம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை; பக்கவிளைவுகள் ஏறும். ஆகவே 600, 800 என்று பெரிய அளவில் கொடுத்த ஆய்வைப் பார்த்தால், எதற்காக அந்த அளவு என்று ஆசிரியர்கள் காரணம் சொல்கிறார்களா பாருங்கள்.

பல் கூழ் அழற்சி ஆய்வுகளில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. கீழ்த்தாடைப் பல்லில் கூழ் அழற்சி இருந்தால் மரப்பு ஊசி அடிக்கடி பலிக்காது. துளையிடும்போது ஆள் துள்ளுவார். ஊசிக்கு முன்பே அழற்சி எதிர்ப்பு மாத்திரை கொடுத்தால் மரப்பு பலிக்கும் வாய்ப்பு கூடுமா என்று நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. தனித்தனி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தொகுப்பாய்வுகள் பொதுவாகக் கூடும் என்கின்றன. அங்கே அளப்பது மரப்பின் வெற்றியை. அதைப் 'பல்வலிக்கு மாத்திரை கேட்டது' என்று எழுதிவிட்டால் தப்பு.

5. யாருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்

நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து எது போலி என்று தெரியக்கூடாது என்பது வெறும் சடங்கு மாதிரித் தோன்றலாம். அது ஏன் முக்கியம் என்பதற்கான மிக நல்ல சான்றுகள் ஞானப்பல் எடுத்தவர்களிடமிருந்தே வந்தன.

1978-ல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் எடுத்தவர்களுக்குப் போலி மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. நலாக்சோன் என்ற, ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது அந்த நிவாரணம் மறைந்தது. போலி மருந்தின் விளைவு வெறும் கற்பனை இல்லை, உடல் தன் சொந்த வலி நிவாரணியைச் சுரக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வலுப்பட்டது.

1985-ல் கிரேஸ்லியும் உடனிருந்தவர்களும் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். ஞானப்பல் எடுத்தவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஆனால் மருத்துவப் பணியாளர்களிடம் ஒரு கட்டத்தில் 'இந்த நோயாளிகளுக்கு உண்மையான வலி நிவாரணி கிடைக்க வாய்ப்பே இல்லை' என்றும், மற்றொரு கட்டத்தில் 'வாய்ப்பு உண்டு' என்றும் சொல்லியிருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில், மருத்துவர் வாய்ப்பு உண்டு என்று நினைத்தவர்களுக்கு வலி குறைந்தது. வாய்ப்பில்லை என்று நினைத்தவர்களுக்கு ஏறியது. நோயாளிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மருத்துவரின் முகமோ குரலோ ஏதோ சொல்லிவிட்டது.

ஆகவே இருதரப்பு மறைப்பு இல்லாத வலி ஆய்வு கையில் வந்தால், அதன் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போலி மாத்திரைக் குழுவே இல்லாமல் 'இரண்டு மருந்தும் சமம்' என்று முடிக்கும் ஆய்வும் அப்படித்தான். இரண்டும் சமமாக நல்லவையா, சமமாக உதவாதவையா என்று அதில் எப்படித் தெரியும்?

6. ஆய்வு முடிந்த பிறகு என்ன ஆனது?

இப்போது ரோஃபிகாக்சிப்புக்கு வரலாம். ஞானப்பல் மேடையில் அது ஜொலித்தது. ஒரே ஒரு 50 மி.கி. மாத்திரை ஐபுப்ரோஃபெனுக்கு இணையாக வலியைக் குறைத்து, அதைவிட அதிக நேரம் நின்றது. 1999-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2000-ல் மூட்டுவாத நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், நாப்ராக்சென் எடுத்தவர்களைவிட ரோஃபிகாக்சிப் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது தெரிந்தது. 2004 செப்டம்பர் இறுதியில் தயாரிப்பு நிறுவனமே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குக் காரணமான ஆய்வில், மருந்தைப் பதினெட்டு மாதங்களுக்கு மேல் எடுத்தவர்களிடம் ஆபத்து தெளிவாகத் தெரிந்தது.

ஞானப்பல் ஆய்வுகள் பொய் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயது ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து ஒரு நாள் பார்க்கும் ஆய்வில் இதயம் பேச வாய்ப்பே இல்லை. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அப்படியே. எனவே பல்வலி ஆய்வின் கடைசியில் 'பாதுகாப்பானது, பக்கவிளைவுகள் போலி மாத்திரைக்குச் சமம்' என்ற வரி வந்தால், 'ஒரு நாளைக்கு, இவர்களுக்கு' என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட நாள் பயன்பாட்டின் பாதுகாப்பைத் தேட வேண்டிய இடம் மூட்டுவாத ஆய்வுகளும் ஒழுங்குமுறை அமைப்புகளின் எச்சரிக்கைகளும். ஆஸ்பிரின் நீங்கலாக இந்தக் குடும்பத்துக்கான மாரடைப்பு, பக்கவாத எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-ல் வலுப்படுத்தியது. கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி 2020-ல் எச்சரித்தது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் ஆய்வு முடிவைப் படித்துவிட்டுத் தாங்களே மாத்திரை போட்டுக்கொள்வது சரியல்ல. அப்படிப்பட்டவர்களை அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்த்திருக்கவே மாட்டார்கள். விலக்கப்பட்டோர் பட்டியலைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

முக வலிக்காரர்களுக்கு இந்த இடைவெளிதான் பெரிய தலைவலி. தாடை மூட்டு வலி மாதக்கணக்கில் ஓடுகிறது. அதற்குக் கிடைக்கும் ஆய்வுகளோ குறைவு, சிறியவை. எனக்குப் பிடித்த ஒன்று 2004-ல் டா, டியோன் இருவரும் வெளியிட்டது. தாடை மூட்டு வலி உள்ள 68 பேர், ஆறு வாரம், மூன்று குழுக்கள்: நாப்ராக்சென் 500 மி.கி. தினம் இரு வேளை, செலிகாக்சிப் 100 மி.கி. இரு வேளை, போலி மாத்திரை. நாப்ராக்சென் தெளிவாக வலியைக் குறைத்தது. செலிகாக்சிப் போலி மாத்திரையை விடக் கொஞ்சம்தான் மேல். பல் எடுத்த வலியில் நன்றாக ஓடும் மருந்து வகை, வேறு வலியில் பின்தங்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம். ஆனாலும் 68 பேர்தான். மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு இருபத்து சொச்சம். 2010-ல் தாடை மூட்டுக் கோளாறு வலிக்கான மருந்துகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 11 ஆய்வுகளைச் சேர்த்தது. எல்லாம் கூட்டினாலும் 496 பேர். எந்த மருந்தையும் உறுதியாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று முடித்தார்கள். ஞானப்பல் பக்கம் ஐபுப்ரோஃபெனுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கானோர் இருப்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

7. எங்கே, எப்படித் தேடுவது

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளம் இலவசம். காக்ரேன் நூலகத்தின் சுருக்கங்களும் இலவசம். மருத்துவர் அல்லாதவர்களுக்கான எளிய சுருக்கம் தனியாக இருக்கும், தொடங்க அதுவே நல்ல இடம். தேடும்போது ஆங்கிலச் சொற்களையே இட வேண்டியிருக்கும். மருந்தின் பெயரோடு வலியின் பெயரையும் சேருங்கள். வெறும் 'பல்வலி' என்று போட்டால் எல்லாம் கலந்து வரும். 'மூன்றாம் கடைவாய்ப்பல்', 'கூழ் அழற்சி', 'தாடை மூட்டு' என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் குப்பை குறையும். பக்கத்திலுள்ள வடிகட்டியில் முதலில் முறைசார் மதிப்பாய்வு (பல ஆய்வுகளை ஒழுங்காகத் திரட்டி எடைபோடுவது), அப்புறம் குலுக்கல் முறை ஆய்வு என்று தேர்ந்தெடுங்கள்.

பெரிய, அண்மைய ஆய்வு ஒன்றைப் படித்துப் பழக வேண்டுமானால், 2025-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓபியாய்டு ஒப்பீட்டு ஆய்வு நல்ல தேர்வு. ஞானப்பல் எடுத்த 1,800-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 500 மி.கி.யும், மற்றவர்களுக்கு ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும். வலி உச்சத்தில் இருக்கும் முதல் நாளிலும் இரவிலும் ஓபியாய்டு இல்லாத குழுவே மேல். ஒரு வேளை மாத்திரையோடு நின்றுவிடாமல் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து கேட்ட ஆய்வு என்பதால் பழைய ஞானப்பல் ஆய்வுகளில் இல்லாத பல விஷயங்கள், தூக்கம், மனநிறைவு எல்லாம், இதில் உண்டு.

கட்டுரை கிடைத்ததும் அதன் பதிவு எண்ணைத் தேடுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2005 முதல் ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறது. பதிவேட்டில் 'ஆறு மணி நேர நிவாரணம்தான் எங்கள் முதன்மை அளவீடு' என்று எழுதியிருந்து, கட்டுரையில் அது கீழே இறங்கி 'இரண்டாம் மணி நேரத்தில் கணிசமான வேறுபாடு' மேலே ஏறியிருந்தால், பிடித்த எண்ணைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். நிறுவனப் பணம் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஞானப்பல் ஆய்வுகளில் மிக ஒழுங்காக நடந்தவை பலவும் அந்தப் பணத்தில்தான் நடந்தன.

கடைசியாக, திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பார்த்துவிடுங்கள். காக்ஸ்-2 மருந்துகளை அறுவைக்கு முன்பே கொடுத்தால் பின்னர் வலி குறையும் என்று எழுதிக் குவித்தவர் ஸ்காட் ரூபன் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர். 2009-ல் அவருடைய 21 கட்டுரைகளில் தரவுகள் இட்டுக்கட்டப்பட்டவை என்று தெரிய வந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அவை பெரும்பாலும் எலும்பு அறுவைகளைப் பற்றியவை என்றாலும், அறுவை வலி பற்றிப் பேசும் மதிப்பாய்வுகள் பலவற்றில் மேற்கோளாக நுழைந்திருந்தன. பப்மெட்டில் அப்படிப்பட்ட கட்டுரையைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்கும். ஆனால் அதை மேற்கோள் காட்டிய பழைய மதிப்பாய்வில் எந்த அறிவிப்பும் இருக்காது. எனவே 2009-க்கு முந்தைய மதிப்பாய்வைப் பயன்படுத்தினால், அதன் மேற்கோள் பட்டியலில் அந்தப் பெயரை ஒரு முறை தேடிவிட்டு மேலே படியுங்கள்.